புதுப்பிப்பு: தண்டையார்பேட்டை செலவு, துபாய் செலவு

போன பதிவில் சென்னை தண்டையார்பேட்டை குடும்பத்தின் மாதச் செலவை துபாயோடு ஒப்பிட்டிருந்தேன். "துபாய் வீட்டின் ஆண்டு வாடகையைப் பன்னிரண்டால் வகுத்து மாதச் செலவாக வைத்தால் போதாதா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். போதாது மக்களே, வாடகையை முன்கூட்டியே கொடுப்பதில்தான் பணம் முடங்குகிறது.

துபாயில் ஆண்டு வாடகையை ஒன்று முதல் நாலு வரை, சில இடங்களில் இன்னும் கூடுதலான காசோலைகளாகப் பிரித்து முன்கூட்டியே கொடுக்க வேண்டும். 60,000 திர்ஹாம் வீடு, நாலு காசோலை என்று வையுங்கள். முதல் காசோலை 15,000. அட்வான்ஸ் வழக்கமாக ஆண்டு வாடகையில் 5%, அதாவது 3,000. தரகருக்கு இன்னொரு 3,000. மின்சார, தண்ணீர் இணைப்புக்கு ஃப்ளாட் என்றால் 2,000 டெபாசிட். சாவி வாங்கவே 23,000 திர்ஹாம் கையில் இருக்கணும். முதல் சம்பளமோ மாதக் கடைசியில்தான் வரும்.

கரண்ட் பில்லில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். நம்மூர் பில் இரண்டு மாதத்துக்கு, அதிலும் முதல் 100 யூனிட் இலவசம். அங்கே மாதாமாதம் பில். அதோடு ஆண்டு வாடகையில் 5% வீட்டு வரியும் பன்னிரண்டாகப் பிரிந்து சேரும். நம்ம உதாரணத்தில் மாதம் 250 திர்ஹாம். சில கட்டடங்களில் ஏசி குளிரூட்டலுக்கு (அங்கே "சில்லர்" என்பார்கள்) தனி நிறுவனம், தனி பில். கையெழுத்துப் போடும் முன் "சில்லர் வாடகையில் சேர்த்தியா?" என்று கட்டாயம் கேளுங்கள், பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

அங்கே சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிக் கட்டணம் தனிக் கணக்கு. அதைக் கம்பெனி தருமா என்று ஆஃபர் லெட்டரிலேயே பாருங்கள்.