மருத்துவப் பாட நோட்ஸில் மஞ்சள் மார்க்கர் போட்ட வரி, நேரில் வந்தபோது

கடைசி பெஞ்ச்:
ஹவுஸ் சர்ஜன் காலம், ஆர்த்தோ வார்டு. தொடை எலும்பு முறிந்து வந்த பெரியவர். கேஸ் ஷீட்டில் குடிப்பழக்கம் "எப்போதாவது" என்று எழுதியது நான்தான். மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் வேறென்ன சொல்வார்? மூன்றாம் நாள் இரவு, போர்வையிலிருந்து எதையோ ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் வியர்வை, நாடி 130. "தம்பி, எறும்பு. மிதிச்சிடாம வாங்க" என்றார். நானும் காலைத் தூக்கித் தூக்கி வைத்துத்தான் போனேன். கடைசியாகக் குடித்து 48 முதல் 96 மணி நேரத்தில் டெலிரியம் ட்ரெமன்ஸ் (குடியை நிறுத்தியதும் வரும் நடுக்கம், குழப்பம், இல்லாததைப் பார்ப்பது) என்று பரீட்சையில் எழுதியவன்தான். சீனியருக்கு போன் போட்டு "வலியில உளறுறார் சார்" என்றேன். அப்புறம் அதை அடக்கும் மருந்தான லோரசெபாம், ஐ.சி.யூ., பிழைத்துவிட்டார். நான் காலைத் தூக்கி வைத்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

ஓ.பி. சீட்டு:
எனக்குக் குழந்தைகள் ஓ.பி. இரண்டரை வயதுப் பையன், பேச்சு வரவில்லை. "இவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசினான்" என்றார் பாட்டி. காதுக்கு பெரா டெஸ்ட் நார்மல். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. பிஸ்கட் கவரைக் கசக்கினேன், உடனே திரும்பினான். கவரை டிராயருக்குள் வைத்து மூடினேன். வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். முகத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல், என் கையை இழுத்துக்கொண்டுபோய் டிராயர் கைப்பிடியில் வைத்தான். ஆட்டிசம் பாடத்தில் "அடுத்தவர் கையைக் கருவிபோலப் பயன்படுத்துதல்" என்று அர்த்தமே தெரியாமல் மனப்பாடம் செய்த வரி. பாட்டிக்கோ ஒரே பெருமை. "பாத்தீங்களா டாக்டர், எவ்ளோ வெவரம்!" அதற்குமேல் நான் எப்படிப் பேச்சை ஆரம்பித்தேன் என்று நினைவே இல்லை.

பழைய பி.ஜி.:
கடைசி பெஞ்ச், லோரசெபாம் என்று எழுதினீர்கள், தயமின் (வைட்டமின் பி1) எங்கே? இப்படித்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். குடிக்கிற நோயாளிக்கு குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின், அதுவும் ஊசியாக. மாத்திரை அந்தக் குடலில் சரியாக ஏறாது. அதற்காக சர்க்கரை இறங்கிக் கிடப்பவரைக் காக்க வைக்கவும் கூடாது, இரண்டையும் சேர்த்தே போடுங்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோரசெபாம் சரி, இல்லையென்றால் அதே வகை மருந்தான குளோர்டயசெபாக்சைடு போதும். கேள்வியையும் ஒழுங்காகக் கேளுங்கள். "குடிப்பீங்களா" என்றால் இல்லை என்றுதான் வரும். மனைவியை டீ வாங்க அனுப்பிவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர்? கடைசியா எப்போ? காலைல எழுந்ததும் கை நடுங்குமா?" என்று கேளுங்கள். ஃபிட்ஸ் பெரும்பாலும் முதல் இரண்டு நாளிலேயே வந்துவிடும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். என் கதை சின்னது. தயமின் இல்லாமல் டிரிப் ஓட்டினோம். மறுநாள் விரலைக் காட்டினேன், அவர் கண் பக்கவாட்டில் நகரவில்லை. தயமின் இல்லாமல் மூளை பாதித்ததன் அடையாளம் அது.

கடைசி பெஞ்ச்:
தயமின் போட்டோம் அண்ணா. நான் எறும்பைப் பற்றி எழுதினேன், நீங்கள் கேஸ் ஷீட் கேட்கிறீர்கள்.

மாடிப்படி:
சண்டை போதும். போதை மீட்பு வார்டில் ஆறாவது முறையாகச் சேர்ந்திருந்தவர். அவரைப் பார்க்க வந்த எட்டு வயது மகன் கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாகத் தாவிக்கொண்டிருந்தான். பள்ளியிலும் புகாராம். சரி, பையனைப் பற்றிக் கேட்போம் என்று ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும்) கேள்விகளை எடுத்தேன். கவனக்குறைவுக்கு ஒன்பது. சொல்வதைக் காதில் வாங்காமல் இருப்பானா, ஆரம்பித்ததை முடிப்பானா, பொருள்களைத் தொலைப்பானா. நாலாவதிலேயே நிறுத்தினார். "சார், இதெல்லாம் அவனுக்கா, எனக்கா?" சின்ன வயதில் தன்னை டீச்சர் ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டி வைத்த கதையைச் சொன்னார், சிரித்துக்கொண்டே. பெரியவர்களிடம் ஏ.டி.எச்.டி. என்று சொல்ல அது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும்; இருந்ததா என்று நான் தனியாகக் கேட்க வேண்டியே இருக்கவில்லை. முந்தைய ஐந்து அட்மிஷன் ஷீட்டையும் அன்றிரவு புரட்டினேன். குடி மட்டும்தான் இருந்தது. கேள்விகள் முடிந்ததும் அவரே விரல் மடக்கி எண்ணினார். மகனுக்கு ஆறு, தனக்கு எட்டு.