உருளைத் தோட்டத்தில் நன்மை செய்யும் பூச்சிகள்: உங்கள் அனுபவம் என்ன?

கேத்தி_தோட்டம்:
போன நீர்போகம் (பாசனம் கட்டி உருளை போடும் பருவம்), நட்டு 50 நாள். இலையைத் திருப்பினால் அடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி மொய்க்கிறது. நடுவே கறுப்பாக, முதுகில் ஆரஞ்சுப் பொட்டோடு, குட்டி முதலை மாதிரி ஒரு புழு. இதுவும் இலை தின்னத்தான் வந்திருக்கிறது என்று இரண்டு பாத்தி முழுக்க நசுக்கினேன். மூன்றாவது பாத்தியில் ஒன்று, அசுவினியைக் கவ்விப் பிடித்திருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். சாறு வற்றி, வெறும் தோல் கீழே விழுந்தது. பொறிவண்டுக் குஞ்சு என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன் அப்புறம் சொன்னார். நசுக்காத பாத்திகளில் மருந்தே இல்லாமல் அசுவினி அடங்கியது. அந்த இரண்டு பாத்தியில் மட்டும் இலை சுருண்டு, கடைசி வரை பிசுபிசுவென்று இருந்தது.

தாளவாடி_உழவன்:
தம்பி, இதைப் படித்துவிட்டு எந்த வண்டையும் தொடக்கூடாது என்று யாராவது இருந்துவிடப் போகிறார்கள். நான் அப்படித்தான் விட்டேன். ஒரே வாரத்தில் இலை சல்லடையாகி நரம்பு மட்டும் நின்றது. அது 28 புள்ளி வண்டு, கத்தரியில் வருமே அதேதான். முதுகு மங்கலாக, பூனைமயிர் படிந்திருக்கும், பொறிவண்டு பளபளக்கும். இதன் புழு மஞ்சள், உடம்பெல்லாம் முள். காலையில் அதை மட்டும் பொறுக்குங்கள். இலையடியில் இருக்கும் மஞ்சள் முட்டையை அவசரப்பட்டு நசுக்காதீர்கள், இரண்டுக்கும் முட்டை கிட்டத்தட்ட ஒரே மாதிரி. பக்கத்தில் அசுவினி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது பொறிவண்டு முட்டையாக இருக்கலாம், விட்டுவிடுங்கள்.

பூம்பாறை:
அண்ணே, எங்களுக்கு இலையைவிடக் கிழங்குதான் கவலை. கிழங்கைத் துளைக்கும் அந்துப்பூச்சியை அடக்கச் செலோனஸ் என்ற குட்டிக் குளவி விட்டேன். வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது ஹெக்டேருக்கு 30,000, நட்ட 40ஆம் நாளும் 70ஆம் நாளும். முதல் தடவை விட்ட ஒரு வாரத்தில் பார்த்தால் இலையில் புழு அப்படியே துளைக்கிறது. பயந்து மருந்தடித்தேன். மறுநாள் இலை மேல் எறும்பு அளவில் குளவிகள் செத்துக் கிடந்தன. அந்துப்பூச்சி முட்டைக்குள் குளவி முட்டை வைக்கும். அப்படியும் அந்துப்பூச்சிப் புழு பொரித்து, கொஞ்ச நாள் தின்று வளர்ந்த பிறகுதான் சாகும். இது தெரிந்திருந்தால் டேங்கைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

கிழங்கு வெளியே தெரியாமல் மண் அணையுங்கள். சேமித்து வைக்கும் விதைக் கிழங்கின் மேல் உண்ணிச்செடி இலையோ தைல மர இலையோ பரப்பி வையுங்கள். குளவி விடுகிறவர்கள் யாரும் அந்த வாரத்தில் மருந்தடிக்க வேண்டாம், தயவுசெய்து.