மாத்திரையை இரண்டு நாள் விட்டதும் இரத்த அழுத்தம் எகிறியது ஏன்?

கேள்வி

என் மாமனார் இரத்தக் கொதிப்புக்கு வேறு மாத்திரைகளுடன் குளோனிடினும் எடுத்து வருகிறார். வெளியூர் போன இடத்தில் குளோனிடின் மட்டும் தீர்ந்துபோக, இரண்டு நாள் விட்டுவிட்டார். 140/90 என்றிருந்த அழுத்தம் 210/120 ஆகி, படபடப்பும் வியர்வையுமாக மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. அது மூளையில் வேலை செய்யும் மருந்து என்றார் மருத்துவர். இரத்தக் குழாயின் நோய்க்கும் மூளைக்கும் என்ன தொடர்பு?

மறுமொழி 1

கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணர்விகள், குழாய்ச் சுவர் விரிவதை நரம்பு வழியாக மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்துக்குத் தெரிவிக்கின்றன. அங்கே நரம்புச் செய்தியைக் கடத்தும் வேதிப்பொருள்களான குளூட்டமேட்டும் பின்னர் காபாவும், செல்களில் தமக்கென உள்ள புரதங்களான ஏற்பிகளில் சென்று பொருந்த, இதயத்தையும் குழாய்களையும் முடுக்கும் பரிவு நரம்புகள் அடங்கி, அழுத்தம் இறங்குகிறது. ஆனால் அழுத்தம் நாள்கணக்கில் உயர்ந்தே நின்றால், இந்த ஏற்பாடு உயர்ந்த அளவையே இயல்பென்று எடுத்துக்கொண்டு அதையே காக்கத் தொடங்கிவிடுகிறது. காவல்காரனே திருடனுக்குப் பழகிப்போவது போலத்தான்.

மறுமொழி 2

பழகிப்போவது மட்டுமன்று, சில ஏற்பிகள் அழுத்தத்தை ஏற்றவும் செய்கின்றன. 1963இல் ஜப்பானின் கியோட்டோவில் உருவாக்கப்பட்ட, தானாகவே இரத்தக் கொதிப்புக்கு உள்ளாகும் எலிகளின் மூளையில், அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் என்ற இயக்குநீருக்கான ஏடி1 ஏற்பிகள் சில பகுதிகளில் மிகுந்திருக்கின்றன. அவற்றைத் தடுக்கும் லோசார்டனை மூளை அறைக்குள் செலுத்தினால் அழுத்தம் குறைகிறது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி 3

கேட்டவருக்கு வேண்டியது குளோனிடினைப் பற்றிய விடை. 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் மூக்கடைப்பு மருந்தாக இது சோதிக்கப்பட்டபோது, சளிக்காக மூக்கில் சொட்டு விட்டுக்கொண்ட செயலாளர் ஒருவர் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் உறங்கிவிட்டார். அவருடைய நாடித்துடிப்பும் அழுத்தமும் இறங்கியிருந்தன. மூளைத்தண்டிலுள்ள ஆல்ஃபா-2 ஏற்பிகளைத் தூண்டி, பரிவு நரம்புகளை அது அடக்குகிறது. நெடுநாள் தூண்டப்பட்ட ஏற்பிகளின் கூருணர்வு மங்கிவிடுவதால், மருந்து திடீரென நின்றதும் பரிவு நரம்புகள் சுரந்து அழுத்தத்தை ஏற்றும் நாரட்ரினலின் தடையில்லாமல் பெருகுகிறது. உங்கள் மாமனாருக்கு நேர்ந்தது இதுவே. இதயத்துடிப்பைத் தணிக்கும் அடெனோலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்தும் உடன் எடுப்பவருக்கு இந்த ஏற்றம் இன்னும் கடுமையாகலாம். குளோனிடினை நிறுத்துவதென்றால், மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கேட்டவர்

மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்தேன், அடெனோலாலும் இருக்கிறது. திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்கும்போது இதைக் கேட்கிறேன். அதுவரை இரண்டையும் ஒருவேளைகூட விடாமல் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.