மேட்ச் நடுவே சீரியல் விளம்பரம்: முதல் பந்தைத் தவறவிடாமல் பார்க்க வழி உண்டா?

கீழக்கரை மன்றம்:
ஊர் மன்றத்தில் இந்தியா ஆடும் மேட்ச்களைப் பெரிய திரையில் போடுகிறோம். ஓவர் முடிந்ததும் சேனல் தன் சீரியலுக்கு விளம்பரம் போடுகிறது. திரும்பி வரும்போது பவுலர் பாதி தூரம் ஓடி வந்துவிடுகிறார். சில நேரம் படம் மூலையில் சுருங்கி, சுற்றிலும் நடிகர் முகம். "சனங்களுக்குப் பிடிக்குது, போடுறாங்க" என்கிறார்கள். இதற்கு விதி ஏதும் இல்லையா? தப்பிக்க வழி உண்டா?

மண்டபம் வாசகர்:
விதி இருக்கிறது காக்கா. கேபிள் டிவி விதிகள் 1994, விதி 7: ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது. அதில் 10 நிமிடம் வணிக விளம்பரத்துக்கு, 2 நிமிடம் சேனலின் சொந்த நிகழ்ச்சி அறிவிப்புக்கு. திரையின் கீழ்ப்பகுதியில் எழுத்து ஓட்டி நிகழ்ச்சியைக் கெடுக்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. நேரலை ஆட்டத்தில் இடைவேளையில் மட்டுமே விளம்பரம் என்று டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2012-ல் கொண்டுவந்ததுதான் சரியான மருந்து. 2013 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள், பெரிய இழப்பு.

பந்து தவறுவது வெறும் நொடிக்கணக்கு. ஆண்கள் சர்வதேச ஒருநாள், டி20 ஆட்டங்களில் ஓவர்களுக்கு இடையே 60 நொடி என்பது உச்ச வரம்பு. பவுலர் 45 நொடியில் தயாரானால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். பத்து நொடி விளம்பரம் ஆறு அடுக்கினால் கடைசி ஒன்று பந்தின் மேல்தான் விழும்.

புகாரை நேராகச் சேனலுக்கே எழுதுங்கள். தேதி, நேரம், எத்தனையாவது ஓவர், எந்தப் பந்து என்று குறிப்பிடாவிட்டால் பொதுவான பதில்தான் வரும். கேபிள் டிவி விதிகளின் 2021 திருத்தப்படி 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் முடிவு தர வேண்டும்.

பாம்பன் டிஷ்:
தப்பிக்கும் வழி டிடி ஃப்ரீ டிஷ், அதாவது தூர்தர்ஷனின் மாதக் கட்டணம் இல்லாத டிஷ் சேவை. 2007 விளையாட்டு ஒளிபரப்புச் சிக்னல் பகிர்வுச் சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் என்று மத்திய அரசு அறிவித்த ஆட்டங்களின் சிக்னலைத் தனியார் சேனல் தன் விளம்பரம் இல்லாமல் பிரசார் பாரதிக்கு (தூர்தர்ஷனை நடத்தும் அமைப்பு) கொடுத்தாக வேண்டும். தூர்தர்ஷன் விளம்பரம் வரும், தனியார் சீரியல் வராது. ஐபிஎல் அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ் வர்ணனையும் எப்போதும் கிடைக்காது.

செயற்கைக்கோள் ஜிசாட்-15, கிழக்கு 93.5 பாகை. ராமநாதபுரத்திலிருந்து திசைகாட்டியில் சுமார் 122 பாகை, ஏற்றக்கோணம் ஏறக்குறைய 70 பாகை. ஆஃப்செட் டிஷ் (சிக்னல் வாங்கும் முனை நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கம் இருக்கும் வகை) அவ்வளவு அண்ணாந்து தெரியாது; கண்ணை நம்பாமல் பிராக்கெட் அளவுகோலைப் பாருங்கள். நம் கரையில் முதல் எதிரி உப்புக்காற்று. எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் சிக்னலை வாங்கும் கருவி) முனையில் கேபிளின் செம்புக்கம்பி பச்சைக் களிம்பு பிடித்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். களிம்பு ஏறிய கேபிளை வெட்டிவிட்டுப் புது எஃப் கனெக்டர் (கேபிள் முனையில் திருகும் இணைப்பான்) போட்டு, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றுங்கள். சாதா பிவிசி டேப் வெயிலில் உரிந்துவிடும். கச்சான் காற்றில் டிஷ் திரும்பிப்போகும். கம்பத்திலும் கிளாம்பிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்து வைத்தால் நகர்ந்தது உடனே தெரியும்.

தொண்டி ரசிகர்:
"சனங்களுக்குப் பிடிக்கிறது" என்பதை நான் ஏற்கவில்லை. டிவி பார்வையாளர் எண்ணிக்கையைக் கணக்கிடும் பார்க் (BARC) அமைப்பு, மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்த வீடுகளில் மீட்டர் வைத்து, எந்தச் சேனல் ஓடுகிறது என்றுதான் அளக்கிறது. அடுத்த பந்துக்காக உட்கார்ந்திருப்பவரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். அவர் முகம் சுளித்தது எந்த மீட்டரிலும் ஏறாது. அமெரிக்காவில் 2004 நவம்பரில் ஏபிசி சேனல் அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்பின் தொடக்கத்தில், உடை மாற்றும் அறையில் தன் தொடர் நடிகை துண்டை அவிழ்ப்பதாக ஒரு காட்சி போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டது. சேனலின் காதில் விழுந்தது பார்த்தவர்கள் எழுதிய புகார்தான்.

கீழக்கரை மன்றம்:
நன்றி. இருக்கிற டிஷ் வேறு செயற்கைக்கோளைப் பார்க்கிறது. அதையே திருப்பலாமா?

பாம்பன் டிஷ்:
திருப்பினால் பழைய சேனல்கள் போய்விடும். 60 செ.மீ. டிஷ் தனியாக ஒன்று வையுங்கள். தென்கிழக்கே தென்னை மறைக்காத இடமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.