டெலிகேட்: ‘பேராளர்’ வேண்டாம், ‘செயலேந்தி’ எப்படி?

> மாநாட்டுக்கு வருபவரைப் பேராளர் என்கிறோமே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

ஐயா, மாநாட்டுக்குப் பொருந்தும், நிரலுக்குப் பொருந்தாது. நான் சொல் தேடுவது சி ஷார்ப் நிரல்மொழியின் டெலிகேட்டுக்கு (delegate); ஒரு செயற்கூற்றை, அதாவது பெயரிட்டு அழைக்கக்கூடிய நிரல் துண்டை (method), பிறகு அழைப்பதற்காக வைத்திருப்பது அது. ‘பேராளரை அழைத்தேன்’ என்று எழுதினால், வண்ணாரப்பேட்டையில் என்னிடம் சி ஷார்ப் படிக்கும் பிள்ளைகள் ஏதோ கட்சிக் கூட்டம் என்றுதான் நினைப்பார்கள். அஃறிணைக்கு ‘அர்’ விகுதி எதற்கு? கணினி, உலவி, மாறி என்று இகரத்தில் முடிவது நமக்குப் பழகிவிட்டது.

டெலிகேட்டுக்குப் ‘பிரதிநிதி’ என்பதை நான் மறுப்பது வடசொல் என்பதால் அன்று. ப்ராக்ஸிக்கு அது வேண்டியிருக்கும். ஒரு பொருளுக்குப் பதிலாக, அதே இடைமுகத்தோடு (வெளியிலிருந்து அழைக்கும் முறைகளோடு) நிற்பது ப்ராக்ஸி. டெலிகேட் யாருக்கும் பதிலாக நிற்பதில்லை. எந்தப் பொருளின் எந்தச் செயற்கூற்றை அழைக்க வேண்டும் என்பதை வைத்துக்கொண்டு கைமாறிப் போகிறது. சி மொழியின் செயற்கூற்றுச் சுட்டியிடம் (function pointer) செயற்கூற்றின் முகவரி மட்டுமே உண்டு, பொருள் இல்லை. ஆகவே ‘செயற்சுட்டி’யும் போதாது.

வகுப்பில் நான் எடுத்துக்கொள்வது காசிமேட்டை. விசைப்படகு கரை சேர்ந்ததும் ஏலம் விடுபவர், ஐஸ்காரர், கூடை தூக்குபவர் மூவருக்கும் தகவல் போக வேண்டும். படகு என்ற இனக்குழுவுக்குள் (class) இவர்கள் பெயரை எழுதிவைத்தால் நாளைக்கு ஆள் மாறும்போது தொல்லை. ‘வந்ததும்’ என்று ஒரு டெலிகேட் வைத்து, += போட்டு அவரவர் செயற்கூற்றைச் சேர்த்துவிட வேண்டியதுதான். சேர்த்த வரிசையிலேயே அழைப்பு போகும். ஐஸ்காரரின் செயற்கூறு பிழைபட்டு நின்றால் கூடை தூக்குபவருக்கு அழைப்பே போகாது என்னும்போதுதான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

செயலை ஏந்திச் செல்வதால் ‘செயலேந்தி’. பலவற்றை ஏந்தினால் ‘பல்செயலேந்தி’.

> 2007இல் சி ஷார்ப்பில் லாம்டா வந்த பிறகு இந்தச் சொல்லுக்கே வேலை ஏது?

லாம்டா, பெயரில்லாத செயற்கூற்றை அங்கேயே சுருக்கமாக எழுதும் முறை மட்டுமே. அதை வாங்கிக்கொள்ளும் மாறியின் வகை இன்றும் பெரும்பாலும் டெலிகேட்தான். சி ஷார்ப்பில் உள்ள ஃபங்க், ஆக்‌ஷன் இரண்டும் ஆயத்த டெலிகேட்டுகள். ஜாவா 2014இல் 8ஆம் பதிப்பில் லாம்டாவைச் சேர்த்தபோது, ஒரே செயற்கூறு கொண்ட இடைமுகத்தை வைத்துச் சமாளித்துக்கொண்டது. எனவே ஜாவாப் பாடத்தில் ‘செயலேந்தி’யை நுழைக்க வேண்டாம்.

‘ஏந்தி’ என்றதும் திருவோடு நினைவுக்கு வருகிறது என்பவர்களுக்கு: வாளையும் ஏந்தத்தான் செய்கிறோம். படகு வந்ததும் தெரிவிப்பது போன்ற ஈவென்ட்டுக்கு (event) ‘நிகழ்வு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதைக் கிளற வேண்டாம்.