குளிர்காலத்துல வீட்டுக்குள்ள எதைத் தொட்டாலும் ஷாக் அடிக்குது, என்ன பண்றது?

கல்கரி புதுவரவு:
வணக்கம். மதுரைல இருந்து கனடாவுல கல்கரி வந்து எங்களுக்கு இதுதான் முதல் குளிர்காலம். வெளிய மைனஸ் 20க்குக் கீழ போனதுல இருந்து கதவுக் குமிழ், குழாய், சுவிட்ச் போர்டு ஸ்க்ரூ எதைத் தொட்டாலும் சுள்ளுனு அடிக்குது. வீடு முழுக்க கார்ப்பெட், ஹீட்டர் நாள் முழுக்க ஓடுது. ராத்திரி ஃப்ளீஸ் போர்வையை இழுத்தா சடசடனு சத்தம், இருட்டுல நீலமா பொறி வேற தெரியுது. நானும் என் மனைவியும் தாங்கிக்கிறோம், ஆனா 3 வயசுப் பொண்ணு கன்னத்தைத் தொட்டா பட்டுனு அடிச்சு அழுதுடறா, இப்பல்லாம் தூக்கப் போனாலே பின்னாடி தள்ளிப் போறா, மனசு கேக்கல. குழந்தைக்கு இதனால ஏதாவது ஆகுமா? காத்துல ஈரம் ஏத்துற ஹ்யூமிடிஃபயர் வாங்கினா நிக்குமா இல்ல காசு தண்டமா? ரப்பர் செருப்பு போட்டா அடிக்காதுனு ஒருத்தர் சொன்னார், போட்டா இன்னும் ஜாஸ்தியாதான் இருக்கு.

எட்மன்டன் வயர்மேன்:
பயப்படாதீங்க ப்ரோ, குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. நமக்கு சுள்ளுனு தெரியறதுக்கே சுமார் 3000 வோல்ட் வேணும், ஆனா உரசல்ல உடம்புல சேர்ற சார்ஜ் (இதைத்தான் ஸ்டாட்டிக்னு சொல்வாங்க) ரொம்பக் கொஞ்சம், கண் இமைக்கிறதுக்குள்ள தீர்ந்துடும். காரணம் காத்துல ஈரம் இல்லாததுதான். மைனஸ் 20 காத்தை உள்ள இழுத்து 21 டிகிரிக்கு சூடாக்கினா ஈரப்பதம் 5 சதவீதம் கிட்ட வந்துடும், சமைக்கிறது குளிக்கிறதுனாலதான் கொஞ்சமாவது ஏறுது. ஊர்ல எல்லாப் பொருள் மேலயும் கண்ணுக்குத் தெரியாம லேசா ஈரம் படிஞ்சிருக்கும், சார்ஜ் சேரச் சேர அது வழியா கசிஞ்சு போயிடும், இங்க அந்த வழியே இல்ல. ரப்பர் செருப்பு கார்ப்பெட்ல உரசி சார்ஜ் சேக்கும், தரைக்கும் இறங்க விடாது, அதைக் கழட்டிடுங்க, வெறுங்கால் இல்லனா காட்டன் சாக்ஸ் போதும்.

ஹ்யூமிடிஃபயர் தண்டம் இல்ல, ஆனா கூடவே ஈரப்பதம் அளக்கிற ஹைக்ரோமீட்டர் ஒண்ணு வாங்குங்க. 40 சதவீதம் வந்தா ஷாக் பெரும்பாலும் நின்னுடும், ஆனா இந்தக் குளிர்ல அவ்ளோ ஏத்தினா ஜன்னல் கண்ணாடில தண்ணி வழிஞ்சு ஃப்ரேம்ல பூஞ்சை பிடிக்கும். 25ல இருந்து 30 வெச்சுக்கங்க, கண்ணாடி ஓரத்துல தண்ணி கோக்க ஆரம்பிச்சா உடனே கொறைங்க. கல்கரில கடினத் தண்ணி, தண்ணியை அதிர வெச்சுப் பனி மாதிரி விடுற அல்ட்ராசோனிக் மாடல்ல குழாய்த் தண்ணி ஊத்தினா சாமான் மேலல்லாம் வெள்ளையா பவுடர் படியும், அதனால ஃபில்டர் ஈரமாகி அது வழியா காத்து வர்ற மாடல் பாருங்க.

பாப்பாவைத் தூக்கறதுக்கு முன்னாடி வீட்டுச் சாவியை இறுக்கிப் பிடிச்சு அதோட நுனியால குழாயைத் தொடுங்க, பொறி சாவில விழும், விரலுக்குத் தெரியாது. அவளும் கார்ப்பெட்ல ஓடியிருந்தா அவ மேலயும் சார்ஜ் இருக்கும், அதனால விரல் நுனியால கன்னத்தைத் தொடாம உள்ளங்கையை முழுசா முதுகுல சட்டை மேல வெச்சுத் தூக்குங்க.

ஸ்காபரோ மாமி:
தம்பி, நாங்கள் இஞ்ச கனகாலமா இருக்கிறம், ஒவ்வொரு விண்டரும் உதுதான். பிள்ளைக்கு ஃப்ளீஸ், பொலியெஸ்டர் குறைச்சு பருத்தி உடுப்பாப் போட்டு விடுங்கோ, போர்வையும் பருத்தியில வேண்டுங்கோ. ட்ரையர்ல உடுப்பை முழுக்கக் காய விடாமல் கொஞ்சம் ஈரமா இருக்கேக்க எடுத்து அறைக்குள்ள விரிச்சு விட்டா உடுப்பும் காயும், அறையிலயும் ஈரம் ஏறும், கறண்ட் காசும் மிச்சம். தோல் காஞ்சு கிடந்தாலும் கூட அடிக்கும், குளிச்ச கையோட லோஷன் பூசி விடுங்கோ.

ப்ரெய்ரி டிரைவர்:
ஒண்ணு சேத்துக்கங்க, இது விளையாட்டு இல்ல. கேஸ் ஸ்டேஷன்ல, அதாவது பெட்ரோல் பங்க்ல, பெட்ரோல் ஊத்துற நாசிலைக் கார்ல மாட்டிட்டு குளிருதுனு திரும்ப காருக்குள்ள போய் உக்காராதீங்க. சீட்ல உரசிட்டு வந்து நாசிலைத் தொட்டா பொறி பெட்ரோல் ஆவில பத்திக்கலாம். உக்காந்தே ஆகணும்னா இறங்கினதும் கார் கதவோட இரும்பைத் தொட்டுட்டு அப்புறம் நாசில் கிட்ட போங்க.

கல்கரி புதுவரவு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மீட்டர் வாங்கிப் பாத்தா 14 காட்டுது! சாவி ஐடியா நல்லா வேலை செய்யுது, பாப்பா இப்ப பயப்படாம வர்றா. இன்னொரு சந்தேகம், வாஷிங் மெஷின் ஓடும்போது பக்கத்துத் தகட்டுல கை வெச்சா விர்ருனு இருக்கு, கை எடுக்கிற வரைக்கும் நிக்கல. அதுவும் ஸ்டாட்டிக்தானா?

எட்மன்டன் வயர்மேன்:
இல்ல ப்ரோ, அது வேற, உடனே மெஷினை நிறுத்துங்க. ஸ்டாட்டிக்னா பட்டுனு ஒரே தடவை, கை எடுக்காம வெச்சிருந்தா மறுபடி அடிக்காது. விடாம விர்ருனு இருந்தா கரண்ட் கசியுது, எர்த் சரியில்லனு அர்த்தம். பிரேக்கரை இறக்கிட்டு வீட்டு ஓனர்கிட்ட இப்பவே சொல்லுங்க, எலெக்ட்ரீஷியன் பாத்து சரி பண்ற வரைக்கும் பாப்பாவை அந்தப் பக்கம் விடாதீங்க.

கல்கரி புதுவரவு:
இறக்கிட்டேன், ஓனர்கிட்டயும் பேசிட்டேன். நாளைக்குக் காலைல ஆள் அனுப்புறாராம்.