555-ல் மூச்சு விடுற எல்இடி: பாதி ஏறி அப்படியே நின்னுடுது

ஒத்தக்கடை_பிசி:
வணக்கம். கம்ப்யூட்டர் கேஸோட (வெளிக்கூடு) பக்கக் கதவுக்குப் பதிலா 5 மிமீ அக்ரிலிக் ஷீட். அதுல எங்க மதுரை ஆனைமலை உருவத்தை லேசர்ல கோடா செதுக்கியாச்சு. கீழ் விளிம்புல 6 நீல எல்இடி வச்சு மெதுவா ஏறி இறங்க வைக்கணும்.

சர்க்யூட் இதுதான்: என்இ555 டைமர் ஐசி, எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டர் பவர் சப்ளை) மோலெக்ஸ் கனெக்டர் மஞ்சள் வயர்ல இருந்து 12 வோல்ட். பின் 3-ல இருந்து 33 கே ரெசிஸ்டர் வழியா 2, 6 ரெண்டுக்கும். அங்கிருந்து 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் கிரவுண்டுக்கு. அதே இடத்துல பிசி547 (BC547) டிரான்சிஸ்டரோட பேஸ் நேரடியா. கலெக்டர் 12 வோல்ட்டுக்கு. எமிட்டர்ல மூணு வரிசை, வரிசைக்கு ரெண்டு எல்இடி சீரியஸ், 56 ஓம்.

ஆன் பண்ணினா வெளிச்சம் ஏறுது, பாதியில நின்னுடுது, இறங்கவே மாட்டேங்குது. கெப்பாசிட்டர்ல மீட்டர் 7 வோல்ட் கிட்ட காட்டுது. ஐசி மாத்தியும் அதே கதைதான். எல்இடியைக் கழட்டிட்டா மீட்டர் ஒழுங்கா ஏறி இறங்குது.

சால்டர்_தம்பி:
ஐசி மேல தப்பில்லை. கடைசி வரியில நீங்களே விடையைச் சொல்லிட்டீங்க.

555 திரும்பணும்னா கெப்பாசிட்டர் சப்ளையில மூணுல ரெண்டு பங்கைத் தொடணும், அதாவது 8 வோல்ட். என்இ555-ல பின் 3 முழு 12-க்குப் போகாது, 10.6 பக்கம்தான் நிக்கும். கெப்பாசிட்டர் 7 வோல்ட்ல இருக்கும்போது 33 கே வழியா வர்ற கரண்ட் 3.6-ஐ 33 கே-யால வகுத்தா சுமார் 0.11 மில்லி ஆம்பியர். அந்த நேரத்துல எல்இடி மூணு வரிசையும் சேர்ந்து 25 மில்லி ஆம்பியர் கிட்ட இழுக்குது. டிரான்சிஸ்டர் கெயின் (பேஸ் கரண்ட் எத்தனை மடங்காகுதுங்கிறது) 200-னு வச்சாலும் பேஸுக்கு 0.12 வேணும். வர்றது பூரா பேஸுக்கே போயிடுது, கெப்பாசிட்டருக்கு மிச்சமில்லை. அதான் 7-லயே உட்கார்ந்திருக்கு.

நெட்டுல சுத்துற படங்கள்ல ஒத்தை எல்இடிதான் இருக்கும், அதுக்கு இந்த சர்க்யூட் தப்பிச்சுக்கும். ஆறு போட்டா தப்பிக்காது.

ஒத்தக்கடை_பிசி:
அப்ப டிஐபி122 டார்லிங்டன் (ரெண்டு டிரான்சிஸ்டர் உள்ளேயே சேர்ந்தது) போட்டா சரியாயிடுமா அண்ணே?

சால்டர்_தம்பி:
ஏறி இறங்கும், ஆனா மங்கலா இருக்கும். டார்லிங்டன் 1.3 வோல்ட் தின்னுடும். உச்சத்துல எமிட்டர்ல 6.7-தான் மிஞ்சும். ரெண்டு நீல எல்இடிக்கே 6.2 போயிடுது. மிச்ச அரை வோல்ட்ல 56 ஓமை எவ்வளவு குறைச்சாலும் எல்இடிக்கு எல்இடி வெளிச்சம் வித்தியாசப்படும்.

நடுவுல ஒரு எல்எம்358 ஆப்-ஆம்ப் ஐசி போடுங்க. அதோட பின் 3-ஐக் கெப்பாசிட்டர்ல, பின் 1-ல இருந்து 1 கே வழியா பிசி547 பேஸுக்கு, பின் 2-ஐ எமிட்டர்ல. பின் 8 மஞ்சள் வயர், 4 கருப்பு வயர் (கிரவுண்ட்). எமிட்டரை ஃபீட்பேக் லூப்புக்குள்ள (ஐசி பார்த்துப் பார்த்துத் திருத்துற வளையம்) கொண்டு வந்துட்டதால 0.7 வோல்ட் இழப்பும் போச்சு. எமிட்டர் அப்படியே 4-ல இருந்து 8 வரைக்கும் போகும். 5.2-க்குக் கீழ நீல எல்இடி எரியாதுங்கிறதால ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவுல முழு இருட்டு கிடைக்கும், அதுதான் அழகு. வரிசைக்கு 100 ஓம் வைங்க, உச்சத்துல 18 மில்லி ஆம்பியர். எமிட்டர்ல இருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கே அவசியம், எல்இடி அணைஞ்சிருக்கும்போது லூப் அந்தரத்துல தொங்கக் கூடாது. சும்மா கிடக்கிற இன்னொரு பாதியில பின் 5 கிரவுண்டுக்கு, 6-ஐயும் 7-ஐயும் சேர்த்துடுங்க.

நேரக் கணக்கு: 1.4 பெருக்கல் ஆர்சி (ரெசிஸ்டர் பெருக்கல் கெப்பாசிட்டர்) ஃபார்முலாப்படி உங்களுக்கு 4.6 செகண்ட். 555-ஓட பின் 3 முழுசா ஏறாததால நிஜத்துல 5 செகண்டைத் தாண்டும், ஏற்றம் இறக்கத்தை விட இழுக்கும். 33 கே-க்குப் பதிலா 22 கே-யோட ஒரு 10 கே பிரீசெட் (திருகி மாத்துற ரெசிஸ்டர்) சீரியஸ்ல வச்சா மூணரைல இருந்து அஞ்சு வரைக்கும் திருப்பிக்கலாம். 555 பின் 4-ஐ 12-க்குக் கட்ட மறந்துடாதீங்க. அதே 555-ல பின் 5-ல இருந்து கிரவுண்டுக்கு 0.01 மைக்ரோ, 8-க்கும் 1-க்கும் நடுவுல 0.1 மைக்ரோ. கெப்பாசிட்டர் புதுசா இருக்கட்டும். பழைய போர்டுல கழட்டினது லீக் ஆனா திரும்ப இதே நோய்தான்.

வைகைக்கரை:
நல்ல விளக்கம். ரெண்டு விஷயம் சேர்க்கிறேன்.

மஞ்சள் வயர்ல 500 மில்லி ஆம்பியர் ஃபியூஸ் ஒண்ணு கட்டாயம். எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட் லைன் பத்து ஆம்பியருக்கு மேல அசராம கொடுக்கும். கேஸ் தகரத்துல ஷார்ட் ஆனா எஸ்எம்பிஎஸ் ஆஃப் ஆகுறதுக்குள்ள உங்க மெல்லிசு வயர் உருகிடும். போர்டுக்கு அடியில பிளாஸ்டிக் ஸ்பேசர் வைங்க.

பிசி547 இல்லைன்னு கடையில 2என்2222 பிளாஸ்டிக் டைப் கொடுத்தா, பெரும்பாலும் கால் வரிசை தலைகீழ். தட்டையான முகம் நம்ம பக்கம் இருக்க, பிசி547 இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். அது பெரும்பாலும் எமிட்டர், பேஸ், கலெக்டர். உச்சத்துல டிரான்சிஸ்டர்ல 0.2 வாட் சூடுதான், ஆனா சித்திரை வெயில்ல நம்மூர்ல வெளியவே 40 டிகிரி, கேஸுக்குள்ள கேட்கவே வேணாம். இடம் இருந்தா பிடி139 (BD139) டிரான்சிஸ்டர் போட்டுடுங்க. அதுக்குக் கால் வரிசை வேற, டேட்டாஷீட் பார்த்து மாட்டுங்க.

ஷீட் விளிம்புல ஓட்டை போடாதீங்க, டிரில் சூட்டுல உருகி மங்கலாயிடும். அலுமினிய சேனல்ல எல்இடியை வரிசையா வச்சு அதுக்குள்ள ஷீட்டை இறக்குங்க. வெளிச்சம் நுழையுற விளிம்பை மட்டும் 800, 1500, 2000 வாட்டர் பேப்பர்ல தண்ணி விட்டுத் தேய்ச்சு மெருகேத்துங்க. எல்இடி தலையை லேசா உப்புத்தாள்ல தேய்ச்சா வெளிச்சம் பரவும், ஆறு புள்ளியா தெரியாது.

ஒத்தக்கடை_பிசி:
எல்எம்358 போட்டாச்சு, ஓடுது. எமிட்டர்ல 4-ல இருந்து 8 வரைக்கும் வருது. இன்னொரு கேள்வி: இதே எமிட்டர்ல 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்பை மாட்டலாமா?

சால்டர்_தம்பி:
எரியாது. ஸ்ட்ரிப்புல மூணு எல்இடி சீரியஸ், நீலம்னா 8 வோல்ட்ல லேசா மினுக்குறதோட சரி. ஸ்ட்ரிப்புக்கு பிடபிள்யூஎம்மும் (வேகமா ஆன்-ஆஃப் பண்ணி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறது) ஐஆர்எல்இசட்44என் மாதிரி லாஜிக் லெவல் மாஸ்ஃபெட்டும்தான் வழி. அந்த வயரை முன்பக்க ஆடியோ கேபிளோட சேர்த்துக் கட்டினா ஹெட்ஃபோன்ல இரைச்சல் கேட்கும், அங்கிட்டு ஓட்டுங்க.